ரெமி சொல்லாத சொல்

பதிவு 1
2064 ஜூன் 9, காலை 6.20
மன்னார் வளைகுடா. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் கடலடிக் கூடு. படமெடுக்க வந்து பத்து நாளாக உள்ளே நான் மட்டும். செத்த பவளப்பாறையருகே, உயிருள்ள பாறையின் சடசடப்பை ஒலிபெருக்கியில் போடுகிறோம். அதை நம்பி மீன்குஞ்சுகள் வருகின்றன. விஞ்ஞானிகளுக்கு இது சிகிச்சை. எனக்கு ஜெபம். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டவே இந்தப் படம். தயாரிப்பாளருக்கு இன்னும் மண்டையில் ஏறவில்லை.
படகோட்டி ரெமிஜியுஸ் முங்கி வந்து சாப்பாட்டை வைத்துவிட்டுக் கிளம்பினான்.
"போயிட்டு வாறேன்க்கா."

பதிவு 2
ஜூன் 10, மாலை 4.05
காற்றுச் சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. நீந்தி மேலே போகவும் முடியாது. இத்தனை நாள் ஆழத்தில் இருந்த உடம்பு தாங்காது. உள்ளழுத்தம் குறையாமல் மேலே மிதந்து எழும்பக் கூட்டால் முடியும்; எழும்பு என்று ஆணையிட்டேன். திரையில் பதில்:
"ரெமிஜியுஸ் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன்."
சிரிப்புதான் வந்தது. வெளியே போனவர் திரும்பும்வரை கூடு நகராது. 'போகிறேன்' என்று அவர் வாயாலேயே சொன்னால்தான் பூட்டு திறக்கும். யாரையும் கடலில் விட்டுவிட்டு எழும்பக் கூடாது என்று அடம்பிடித்து இந்த விதியை வைத்தவள் நான்தான். நம் ஆட்கள் யார் அப்படிச் சொல்லி விடைபெறுகிறார்கள்?

பதிவு 3
மாலை 5.30
வானொலியில் ரெமி மட்டும்தான் கிடைத்தான். என்னை நோக்கித்தான் வருகிறான். கச்சான் காற்று படகைத் தூக்கி அடிக்கிறதாம். 'போறேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லடா என்றேன்.
"கடல்ல நின்னுக்கிட்டு அந்த வார்த்தைய எப்படிக்கா சொல்ல? எங்கம்மா கேட்டா செருப்பாலயே அடிக்கும். நானே வந்து தூக்கிருதேன். இந்தா வாறேன்."
கூடு உடனே எழுதியது: "வருகிறார். காத்திருப்பு நீட்டிக்கப்பட்டது."
ரெமியைத் திட்டினேன். கெஞ்சினேன். மசியவில்லை பாவி.

பதிவு 4
மாலை 6.25
தலை வெடிக்கிறது. கை சொன்னபடி கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. எனக்குச் சாக இஷ்டமில்லை.
ஒலிபெருக்கி மட்டும் ஓயவில்லை. கண்ணாடிக்கு வெளியே குஞ்சுகள் மொய்க்கின்றன. கூப்பிட்டோம், வந்துவிட்டன. படம்பிடிக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை.

பதிவு 5
6.40
"அக்கா, கேக்குதா? படகுல தண்ணி ஏறிட்டு. மிஷின் நின்னுட்டு. என்னால அங்க வந்து சேர முடியாதுக்கா. அந்த வார்த்தைய இப்பச் சொல்லிருதேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."
வேண்டாம் ரெமி, சொல்லாதே என்று கத்தினேன். வானொலியில் பேசும் பொத்தானை அழுத்தினேனா, தெரியவில்லை.
"நான் போறேன்க்கா."

6.41
"ரெமிஜியுஸ் விடைபெற்றார். எழும்புகிறேன்."
பூட்டு திறந்துவிட்டது. கூடு எழும்புகிறது. வானொலியில் இரைச்சல் மட்டும். திரையில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். காத்திரு. அவன் வாறேன்னு சொன்னான். கேட்டாய் அல்லவா, காத்திரு. வாறேன்னுதான் சொன்னான். வாறேன்னு