வேலைக்குப் போன வீட்டோடு மாப்பிள்ளை

அன்புள்ள மகாராணிக்கு,

நீயும் பிள்ளைகளும் சௌக்கியமா? உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று பதறாதே. எல்லாம் பேனா செய்கிற வேலை.

ஆமாம், அந்தக் கறுப்புப் பேனாவுக்குக் கடைசியில் மை ஊற்றிவிட்டேன். என் சேகரிப்பிலேயே பழையது. எழுதாமல் துடைத்துத் துடைத்து அலமாரியில் வைப்பேனே, "வேலவெட்டி இல்லாத வீட்டோட மாப்பிள்ளை"ன்னு நீ அதைத் திட்டுவாயே, அதேதான். "இடது கைக்காரர் எழுதித் தேஞ்ச முள்ளு, உங்களுக்கு ஒத்துவராது சார்" என்று விற்றவர் அன்றே சொன்னார். இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது.

போன வாரம் அட்டை வெட்டும் மிஷினில் வலது கை கொஞ்சம் மாட்டிக்கொண்டது. பயப்படாதே, விரல்கள் எல்லாம் இருக்கின்றன. மடங்கத்தான் மாட்டேன் என்கின்றன. "ரெஸ்ட் எடுப்பா, அப்புறம் பாக்கலாம்" என்கிறார் சூப்பர்வைசர். எதைப் பார்க்கப்போகிறாரோ.

இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது பட்டன் இல்லாத டி-ஷர்ட் நாலு கொடுத்தனுப்பு. அறையில் கூடத் தங்கியிருக்கும் டிரைவர்தான் தினமும் எனக்குப் பட்டன் போட்டுவிடுகிறார். கூச்சமாக இருக்கிறது. சின்னவளின் இரட்டைக்கோடு நோட்டு மீதி இருந்தால் அதையும் சேர்த்து வை. எனக்குத்தான்.

சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். உன் வீட்டோட மாப்பிள்ளை ஒருவழியாக வேலைக்குப் போய்விட்டான். அலமாரியில் அவன் இடம் காலிதானே? நான் வந்தால் திட்டாமல் வைத்துக்கொள்வாயா?

உன்
"என்னங்க"