மூடிக்குள் இருந்த தேதி

ஐந்தாம் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு,

பத்து வருஷம் கழித்து எழுதுகிறேன். நீ இன்னும் ஏலத்தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறாய் என்று செலின் டீச்சர் சொன்னார்கள்.

பழைய வாட்ச்களைப் பிரித்துச் சரிசெய்வது இப்போது என் பொழுதுபோக்கு. அப்பாவின் ஆட்டோமேட்டிக் வாட்ச், சாவி கொடுக்காமல் கையாட்டத்திலேயே ஓடுமே, அதைப் போன வாரம் திறந்தேன். ரிப்பேருக்கு எடுத்த தேதியைப் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறி வைப்பது ரிப்பேர்காரர்களின் வழக்கம். போடிக் கடைக்காரர் கீறியிருந்தது 14.3.16.

அதைத் திருடியதாக உன்னை மின்கம்பத்தில் கட்டி அப்பா அடித்தது அதற்கு மறுநாள், பதினைந்தாம் தேதி. உன் பிளஸ் டூ பரீட்சையும் அதோடு போனது.

அவரிடம் காட்டினேன். "ரிப்பேருக்குக் குடுத்தது அடிச்ச மறுநாளே ஞாபகம் வந்துருச்சுலே. ஊரே பாக்க அடிச்சிட்டு, தப்புன்னு அந்தத் தெருவுல போயி நிக்கச் சொல்றியா? பாலிஷ் போட்டு அழிச்சிரு" என்றார்.

ஒரே கோயிலில் நற்கருணை வாங்குகிறோம். அவருக்கு உங்கள் தெரு இன்னும் "அந்தத் தெரு".

நான் அழிக்கவில்லை. மூடியை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் அவர் வாட்சைக் கட்ட முடியாது.

மூடியில் எழுதாத ஒன்றும் இருக்கிறது. "கடைசியா உள்ள வந்தது அவன்தான்" என்று அன்று சொன்னவன் நான். உங்கள் தெரு ஆட்கள் வாசல் தாண்டாத வீட்டுக்குள், கணக்குச் சொல்லித் தரச்சொல்லி உன்னைக் கூப்பிட்டவனும் நான்தான். அதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் அடி விழுந்திருக்கும்.

இப்படிக்கு,
பெஞ்சில் உன் பக்கத்தில் இருந்தவன்