தாளிக்காத பச்சை

8 ஜூலை 1984, ஞாயிறு

இந்த நோட்டில் இனி வரப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. படவேட்டு ரேணுகாம்பாள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நானே பாதிதான் நம்புவேன். எழுதுகிறவன் லேசுப்பட்ட ஆள் அல்ல. ஆரணியில் முப்பத்தாறு வருஷமாகப் பட்டுக்குச் சாயம் போடுகிற பொன்னுசாமி. ஒரு மயில் தன் கழுத்தை என் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டி, "நெறம் சரியா இருக்குதா மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இன்றைக்குக் கதை ஒன்றும் பெரிதாக இல்லை. கண்ணகி வந்திருக்கிறாள். என்னோடு இதே வீட்டில் இருக்கிற என் தங்கை ராஜம்மாளின் ஒரே பெண். களம்பூர் மில்லில் லாரி ஓட்டுகிற அவள் புருஷன் வேலு கொண்டுவந்து விட்டுவிட்டு, டீ கூடக் குடிக்காமல் லோடுக்குப் போய்விட்டான். நாலாவது மாதம் நடக்கிறது. இதற்கு முன்னே இரண்டு தடவையும் நாலாவது மாதத்தில்தான் — சரி, அதை எழுத வேண்டாம்.

எதைத் தின்றாலும் வாந்தி. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. "காக்கா தூக்கினு போய்டும்டி, கால்ல கல்லு கட்டிக்கோ" என்றேன். சிரித்தாள். சிரித்த கையோடு கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். இனிமேல் இந்தப் பெண்ணைச் சிரிக்க வைப்பதற்கும் யோசிக்க வேண்டும் போலிருக்கிறது.

11 ஜூலை

ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். கண்ணகி முப்பத்தாறு கிலோ. முன்னே போன தடவை நாற்பத்தொன்று.

அங்கே லூப்பே என்று ஒரு சிஸ்டர். சொந்த தேசம் மெக்சிகோ. அந்த நாட்டுப் பழைய சக்கரவர்த்தியின் ஒன்றுவிட்ட பேத்தி என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். அப்படி ஒரு மூக்கு. இருபது வருஷமாக இங்கே இருந்து நம்மைவிட நன்றாக ஆரணித் தமிழ் பேசுகிறது.

"மருந்து கிடக்கட்டும்மா. எங்க ஊர்ல மாசமா இருக்கிறவங்களுக்கு வாய் ஒத்துக்கலன்னா ஒண்ணு செஞ்சு தருவாங்க. பெங்களூர்ல பட்டர் ஃப்ரூட்னு விக்கிறாங்க பாரு, அத்த கல்லுல வெச்சு நசுக்கு. வெங்காயம், பச்சமொளகா, கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு. அவ்ளோதான். தண்ணி விடாதே. அடுப்புல வெக்காதே. தாளிக்காதே."

அதற்குப் பேர் குவாக்கமோலேயாம். பேரைச் சொன்னாலே தறி நாலு தட்டு தட்டினாற்போல் இருக்கிறது.

திரும்பி வரும்போது ராஜம்மாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். "தாளிக்காம ஆக்குறது எழவு வூட்ல, அண்ணாத்தே. மாசமா இருக்கிறவளுக்கா?"

மாட்டிக்கொண்ட இடத்தில் புளுகுவது என் வழக்கம். இன்று பெங்களூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போய்விட்டேன்.

14 ஜூலை

சாயமேற்றாத கோறாப் பட்டு வாங்கத்தான் ஆரணிக்காரன் பெங்களூர் போவான். பழம் வாங்கப் போனவன் சரித்திரத்திலேயே நான் ஒருத்தன். ஆறு பழம். ஒவ்வொன்றும் யானைக்குட்டித் தலை. கண்டக்டர் ஆறுக்கும் அரை டிக்கெட் கேட்டான். "மடியில வெச்சிக்கிறேம்பா, கைக்குழந்தைங்க" என்று சமாளித்தேன்.

வேலூரில் பஸ் மாறும்போது முதுகு பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேர்ந்தால் கண்ணகி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். காலையிலிருந்து ரெண்டு வாய் கஞ்சித்தண்ணி. அதுவும் தங்கவில்லையாம்.

15 ஜூலை

கல். பழம் அல்ல, கல். கத்தி உள்ளே போகமாட்டேன் என்கிறது. வீரத்தைக் காட்டலாம் என்று ஒன்றைக் கடித்தேன். ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் என்னிடம் விடைபெற்றுக்கொண்டது. மிச்சம் ஐந்தையும் அரிசி டிரம்மில் புதைத்துவைத்தேன்.

16 ஜூலை

பழுக்கவில்லை.

18 ஜூலை

நான் கொல்லைப் பட்டறையில் இருக்கும்போது ராஜம்மாள் டிரம்மைத் திறந்து ரெண்டை எடுத்து, பருப்புப் போட்டு வேகவைத்து, கடுகு தாளித்துக் கூட்டு செய்துவிட்டாள். "காய்தானேன்னு நெனச்சேன் அண்ணாத்தே." கசப்பு! வேப்பங்கொழுந்து வந்து இதனிடம் பாடம் கேட்கலாம். கண்ணகி ஒரு வாய் வைத்தாள். பிறகு நடந்ததை எழுதி ஆவதொன்றுமில்லை. அடுப்பில் ஏற்றினால் கசக்கும் என்றுதான் சிஸ்டர் அப்படிச் சொன்னது போலிருக்கிறது.

மூன்று மிச்சம்.

20 ஜூலை

தொட்டால் அமுங்குகிறது! ஒன்று உள்ளே கறுத்துப்போயிருந்தது. எறிந்தேன். இரண்டாவது அசல் வெண்ணெய்.

என் கை சமையல்கட்டுக்குள் போகக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். சாயம் விஷம். சாப்பாடுகூட எனக்கு ராஜம்மாள் ஸ்பூன் போட்டுத்தான் வைப்பாள். அதனால் கொல்லையிலேயே வைத்துக்கொண்டேன். சோடா, சாம்பல், எலுமிச்சைத் தோல் என்று ஒரு மணி நேரம் கையைத் தேய்த்தேன். முப்பத்தாறு வருஷம் ஊறிய கை. நகக்கண்ணில் நீலம் அப்படியே நிற்கிறது.

சின்ன உரலில் போட்டு நசுக்கினேன். என்ன நிறம்! கிளிப்பச்சை. இந்தப் பச்சைக்குக் காஞ்சிபுரத்துக்காரன் காலில் விழுவான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் பழுப்படிக்க ஆரம்பித்தது. அங்கேதான் சாயக்காரன் ஜெயித்தான். பட்டில் நிறம் நிற்கவேண்டுமானால் தொட்டியில் புளிப்பு விடவேண்டும். இதற்கும் அதே நியாயம்தானே? எலுமிச்சையைப் பிழிந்தேன். பச்சை அப்படியே நின்றது. சிஸ்டர் ருசிக்குச் சொன்னதாக நினைத்தது, நிறத்துக்கும் ஆயிற்று.

கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ராஜா மாதிரி உள்ளே போனேன். ராஜம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

"ரெண்ட முழுங்கினது பத்தாதா உன் சாயம்? மூணாவதுக்குக் கிண்ணத்துலயே கொண்டாந்துட்டியா?"

கண்ணகி உள்ளேயிருந்து, "அம்மா, சும்மா இரும்மா" என்றாள். குரலே இல்லை அவளுக்கு.

நான் எழுதாமல் விட்டதை அவ சொல்லிட்டா. எனக்குத் தெரியாதா? சாய அண்டா கொதிக்கிற எடத்துக்கும் கண்ணகி படுக்கிற எடத்துக்கும் எட்டு அடி. ரெண்டு தடவையும் அவ இங்கதான் படுத்துகினு இருந்தா. நான் அடுப்ப ஊதிகினு இருந்தேன். பாட்டு வேற பாடிகினு.

21 ஜூலை

தனியாகப் போய் சிஸ்டரிடம் கேட்டேன். "சாயத்தாலயா?"

அது எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தது. பிறகு, "தெரியாதுங்க. தெரியும்னு சொன்னா பொய். ஆனா அந்த ஆவி அவ மூக்குல படாம இருந்தா நல்லது" என்றது.

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் எவ்வளவு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலமே அண்டா, டப்பாக்கள், கோல் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டேன். வீட்டிலிருந்து இரண்டு மைல். இதில் ஒரு அடிகூட மிகை இல்லை. முழங்கால் சாட்சி.

22 ஜூலை, ஞாயிறு

கடைசிப் பழம். இதையும் விட்டால் அடுத்த பெங்களூர்ப் பயணம் வரை ஒன்றுமில்லை. கண்ணகிக்கு அதுவரை தெம்பு இருக்குமா தெரியவில்லை. நேற்று எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பழத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ச் சமையல்கட்டு வாசற்படியில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ராஜீ, நான் தொடல. நீயே செய். நான் சொல்லிகினு மட்டும் இருக்கேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கொல்லையில் அண்டா இருந்த இடத்தைப் பார்த்தாள். வெறும் சாம்பல் வட்டம். பிறகு அம்மியைக் கழுவினாள்.

"வெங்காயத்த மொதல்ல நசுக்கு. மொளகா பாதி போதும். தண்ணி தெளிக்காத!"

"தெளிக்கல. ஒரல்ல தலைய வுட்டா மாதிரி கத்தாதே."

"எலுமிச்ச புழி. ஜல்தி! கறுத்துடும்."

"எனக்குத் தெரியும், சும்மா இரு."

எல்லாம் வழித்துக் கிண்ணத்தில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கரண்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, "தாளிக்காம எப்படி அண்ணாத்தே தூக்கினு போறது? எனக்குக் கை வரல" என்றாள். கண்ணில் தண்ணீர். அவள் பயம் கோபத்தைவிடப் பெரிது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தாளி. யார் வேணாம்னா? கடுகு வெடிக்கிற சத்தம் வூட்டுக்குக் கேக்கணும், அவ்ளோதானே? தாளிச்சு என் ரசத்துல கொட்டு."

கடுகு வெடித்தது. என் ரசத்தில் கொட்டினாள். காலையில் ஒரு தடவை தாளித்த ரசம். நெருப்பாக இருந்தது, குடித்தேன்.

கண்ணகி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நானும் ராஜம்மாளும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு விரல். அப்புறம் ஒரு கை அள்ளி இட்லியில் தடவிக்கொண்டாள். கடிகாரத்தில் அரை மணி ஆயிற்று. கொல்லைக்கு ஓடவில்லை.

"மாமா, அம்மியில ஒட்டிகினு இருக்கிறத வழிச்சுக் குடுக்கச் சொல்லேன்" என்றாள்.

கொட்டையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. கொஞ்ச நேரத்தில் தானாகச் சிவக்கிறது. பச்சைக்குள்ளே சிவப்பு. சாயக்காரன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா?

4 ஆகஸ்ட்

பெங்களூர். பத்துப் பழம். இந்தத் தடவை பழக்காரியைக் கெஞ்சி, பாதி பழுத்ததாகப் பார்த்து எடுத்தேன். நாலாவது மாதம் முடிந்துவிட்டது. வீட்டில் ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மாதத்துக்குக் காது கேட்டுத் திரும்பி வந்துவிடும் போல.

19 ஆகஸ்ட்

பெங்களூர். நின்றுகொண்டே வந்தேன்.

9 செப்டம்பர்

ஆற்றங்கரைக்குப் போக இரண்டு மைல், வர இரண்டு மைல், நடுவில் நாள் முழுக்க அண்டாச் சூடு. மாதம் ரெண்டு தடவை இந்தப் பஸ். பேஜார். பக்கத்து சீட்காரன் மடியில் என்ன என்று கேட்டான். டைனோசர் முட்டை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பழம்" என்று வந்தது. எனக்கே பயமாகிவிட்டது.

கண்ணகி நாற்பத்திரண்டு கிலோ.

14 அக்டோபர்

பழம் வரத்து நின்றுவிட்டது என்றாள் பழக்காரி. வெறுங்கையோடு வந்தேன். கண்ணகி கருவாட்டுக் குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்தாள். "பச்ச இல்லியா மாமா? பரவால்ல, உக்காரு. குழம்பு நல்லாக்கீது" என்றாள். உட்கார்ந்தேன். எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

28 அக்டோபர்

சேர்த்து வைத்த கொட்டைகளையும் தோலையும் ஆற்றங்கரையில் தனியாகப் புதுப் பானையில் வேகவைத்தேன். கடைச் சாயம் ஒரு பொட்டுக் கலக்கவில்லை. ஒரு பிடி பட்டு நூலை அதில் மூன்று நாள் ஊறப்போட்டேன். எடுத்தால் ரோஜா நிறம். கொஞ்சம் மண் கலந்த ரோஜா. தெருவில் எல்லோரிடமும் காட்டி, பச்சைப் பழத்திலிருந்து வந்தது என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. "மாமா ஆரம்பிச்சிட்டாருடா" என்று சிரித்தார்கள். ராஜம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நூலைத் தொடவும் இல்லை.

19 டிசம்பர்

பெண். இரண்டே முக்கால் கிலோ. இரண்டு பேரும் நல்லா இருக்காங்க.

6 ஜனவரி 1985, ஞாயிறு

இன்று குழந்தைக்கு அரைஞாண் கட்டினார்கள். வேலு கடையில் கறுப்புக் கயிறு வாங்கி வந்திருந்தான். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை பக்கம் நான் அதிகம் போவதில்லை. கை இந்தச் சாயக் கை.

ராஜம்மாள் உள்ளேயிருந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"அண்ணாத்தே, அந்தக் கொட்ட நூலு இன்னும் வெச்சிருக்கியா?"

இருக்கிறது என்றேன். முறுக்கிக் கயிறாகவே வைத்திருந்தேன், யாருக்கும் சொல்லாமல்.

"வேத்தா சாயம் ஒட்டுமா? புள்ள வாயில வெச்சா?"

"ஒட்டாது ராஜீ. வாயில வெச்சா ஒண்ணும் ஆவாது. அது சாப்பாட்டுலேர்ந்து வந்தது."

என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கறுப்புக் கயிற்றோடு சேர்த்து முறுக்கி அவளே கட்டினாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "புடி. எனக்கு அடுப்புல வேல கீது" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். உள்ளே கடுகு வெடித்தது.

பின்னால் யாராவது இந்த நோட்டைப் படித்தால் அவர்களுக்கு: மயில் வரவில்லை. பழம் யானைத் தலை அல்ல, பெரிய மாங்காய் அளவு. சக்கரவர்த்தியை சிஸ்டருக்குத் தெரியாது. அதன் அப்பா தச்சராம், நானே கேட்டேன். கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லை. ஒருத்தரும் நம்பாததில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். குழந்தை இடுப்பில் ஒரு முழம் இருக்கும். ரோஜா நிறம். இப்போது கொஞ்சம் நனைந்திருக்கிறது, என் வேட்டியும்தான். சாயம் ஒட்டவில்லை.