இரண்டு தாளும் சரிதான்

அண்ணாச்சி,

நீங்கள் என்னிடம் விட்டுப்போன, சரக்குக் கணக்குக் குறிக்கும் டேலிப் பலகையை மகள் ஸ்டெல்லா தன் கம்ப்யூட்டர் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிளிப் துருப்பிடித்துவிட்டது. பலகையில் உங்கள் மூக்குப்பொடி வாசம் மட்டும் இன்னும் போகவில்லை.

போன வாரம் அவள் வேலைக்கே ஆபத்து வந்தது. இறால் வைக்கும் குளிர்கிடங்கில் சூடு ஏறினால் மணி அடிக்கும் கருவிக்கு அவள்தான் புரோகிராம் எழுதியிருந்தாள். சோதித்துப் பார்த்த அன்று சூடு ஏறியது, மணி அடிக்கவில்லை. 'என் தவறுதான்' என்று எழுதித் தரச் சொன்னார் மேலாளர். எழுதினால் வேலை போய்விடும். இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டாள். என் ரத்தமாயிற்றே.

நம் பழைய கதைதான் நினைவுக்கு வந்தது. துறைமுகத்தில் கப்பலோரம் நான், ஷெட் வாசலில் நீங்கள். இறங்கும் பெட்டியை நான் குறிப்பேன், உள்ளே வருவதை நீங்கள். ஒருநாள் இரண்டு தாளையும் ஆபீசில் சேர்த்து எழுதியவர் ஒரே பெட்டியை இரண்டாகப் போட்டுவிட்டார். ஒன்றைக் காணோம் என்று என்னைப் பிடித்தார்கள். காணாமல் போகாத பெட்டிக்கு நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்! பத்தாவதை இரண்டு தடவை எழுதித் தேறியவன் வேறு என்ன செய்வான்?

நீங்கள் பலகையோடு உள்ளே வந்தீர்கள்.

"ஏலே, கும்பிட்டது போதும். ஒன் தாள வாசி."

நான் வாசிக்க வாசிக்க, உங்கள் விரல் உங்கள் தாளில் இறங்கியது. வரிக்கு வரி ஒத்துப்போனது.

"ரெண்டு தாளும் சரி, சார். சேத்து எழுதுன தாளக் கொண்டாங்க."

"உம்ம வேலையும் போயிரும்வே" என்றார் அதிகாரி. நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். தாள் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

இதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் எழுதியது இரண்டு கோப்புகளில் இருந்தது. ஒன்று, சூட்டின் அளவை ஒரு பெயரில் வைக்கிறது. மற்றது, அதே பெயரைச் சொல்லி, 'அங்கே இருப்பதுதான் இது' என்று அறிவித்துவிட்டு, அளவு ஏறினால் மணியடிக்கிறது. இரண்டையும் அச்செடுத்து உங்கள் பலகையில் மாட்டினாள். நான் ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்தேன். என் இங்கிலீஷைக் கேட்டு அழுதவள் சிரித்துவிட்டாள்.

"ரெண்டும் சரியாத்தான் இருக்குப்பா."

"ஏளா, அப்போ ரெண்டையும் சேத்து, எந்திரத்துக்குப் புரியுறாப்புல மாத்திக் குடுக்கிறது யாரு?"

"கம்பைலர். அதப் போய் யாரு சந்தேகப்படுவா?"

"ஆபீஸ் தாளயும்தான் யாரும் சந்தேகப்படல."

கம்பைலர் ஆக்கித் தந்ததைத் திறந்து பார்த்தாள். ஒரே பெயருக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தது. சூடு ஓர் இடத்தில் ஏற, மணி அடுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. நாலைந்து வரியில் இரண்டு குட்டிக் கோப்புகள் எழுதிப் பார்த்தாள். அதிலும் அதே கோளாறு. கம்பைலர் செய்தவர்களுக்கு அனுப்பினாள். புதிய பதிப்பில் நுழைந்த பிழை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடிதம் வேண்டாம் என்று மேலாளரே போன் செய்தார்.

அன்று துறைமுக ஆபீசை விட்டு வெளியே வந்ததும் உங்களிடம் நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"எனக்குமாலே?" என்று சிரித்தீர்கள். சொல்ல வேண்டிய வார்த்தை அன்றும் வரவில்லை, அப்புறம் உங்கள் கல்லறையில் மண் போட்டபோதும் வரவில்லை.

நன்றி, அண்ணாச்சி. இவ்வளவு தாமதமானதற்கு மன்னி… இல்லை. நன்றி மட்டும்.