யார் முதலில் போனால் என்ன

மார்ச் 3

பேராசிரியரும், ஆயிரம் இயந்திரங்களின் அதிபதியும், சட்டப்படி இன்னும் என் கணவருமாகிய உங்களுக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துக்கொண்டேன். கோட்டுதான் கொஞ்சம் மூச்சுத் திணறுகிறது. மின்னஞ்சல் அனுப்பினால் உதவியாளர், "ஐயா பயணத்தில் இருக்கிறார்" என்று பதில் போடுகிறார். தபாலையாவது நீங்களே பிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

என் தங்கை நர்ஸாக இருக்கும் மருத்துவமனை உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. எல்லா நர்ஸுக்கும் வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு கொடுக்க முடியுமா? உங்கள் இயந்திரங்கள் ஆறே நிமிடத்தில் "முடியவே முடியாது" என்றுவிட்டன. நிர்வாகம் அதைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறை. தங்கை போய்க் கேட்டதற்கு மேலாளர், "கம்ப்யூட்டரே முடியாதுன்னு சொல்லிடுச்சும்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றாராம்.

முடியும் என்பவர் விடையைக் காட்டினால் போதும். முடியாது என்பவர் ஒவ்வொரு படியாக நிரூபிக்க வேண்டும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் படிகளைச் சரிபார்க்க நான் எழுதிய நிரலை உங்கள் ஆய்வகத்தில் அணைத்தே வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

இப்படிக்கு,
வீட்டுச் சாவியை இன்னும் திருப்பித் தராதவள்


மார்ச் 11

அன்புள்ள ஆமைக்கு,

கோபித்துக்கொள்ளாதே, ஆய்வகத்தில் உனக்கு அதுதானே பெயர். உன் நிரலை ஓடவிட்டால் என் ஆறு நிமிடம் ஒரு பகலாகிவிடுகிறது. வேகத்துக்குத்தான் பரிசு தருகிறார்கள், பொறுமைக்கு இல்லை.

ஆயிரம் இயந்திரங்கள் தனித்தனியாகத் தேடுகின்றன. தாங்கள் கற்ற பாடத்தை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. கடைசியில் ஒரே குரலில் பதில் சொல்கின்றன. சமையலறை மேசையில் ஒற்றைக் கணினியை வைத்துக்கொண்டு நீ இதைக் கேள்வி கேட்பது வேடிக்கைதான். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாய், நல்ல வேலை, அதைப் பார்.

மே மாதம் இந்த இயந்திரங்களுக்காக எனக்கு விருது தருகிறார்கள். முன்வரிசையில் மனைவிக்கு ஒரு நாற்காலி உண்டாம். நாம் பிரிந்திருப்பது வெளியில் யாருக்கும் தெரியாது. வந்து சிரித்த முகமாக உட்கார்ந்துவிட்டுப் போ.

தங்கைக்கு என் அன்பு. ஓய்வுக்கெல்லாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்.

உன் கணவன்


மார்ச் 19

விருதாளருக்கு,

ஆமை வந்து சேர்ந்துவிட்டது. இத்துடன் ஒரு டியூட்டி அட்டவணை வைத்திருக்கிறேன். எல்லா நர்ஸுக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் ஓய்வு. எந்த வார்டிலும் ஆள் குறையவில்லை. சமையலறை மேசைக் கணினி நாலு நாள் முனகிக் கண்டுபிடித்தது. பென்சிலை எடுத்து நீங்களே சரிபாருங்கள். பென்சில் பிடிக்க மறந்திருந்தால் உதவியாளரிடம் கொடுங்கள்.

பதிலோடு நீங்கள் மருத்துவமனைக்கு அனுப்பிய படிகளை என் நிரலில் ஓட்டிப் பார்த்தேன். தப்பு எங்கே என்பதையும் இலவசமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லா விதத்திலும் ஒரே மாதிரியான இரண்டு நர்ஸ் குழுக்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதானே, யாருக்கு முதல் ஓய்வு என்று தேடி நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று உங்கள் இயந்திரம் ஒன்று, "முதல் குழு முன்னால் போகட்டும்" என்று வைத்துக்கொண்டது. தப்பில்லை. இன்னொன்று, "இரண்டாம் குழு முன்னால்" என்று வைத்துக்கொண்டது. அதுவும் தப்பில்லை. ஆனால் பாடம் சொல்லிக்கொள்ளும்போது, வசதிக்காக வைத்துக்கொண்டதை இரண்டுமே உண்மை என்று பரப்பிவிட்டன. இரண்டு குழுவும் ஒரே நேரத்தில் முன்னால் போக முடியுமா? முடியாது. உடனே எல்லாம் சேர்ந்து "முடியாது, முடியாது" என்று கத்திவிட்டன. இரண்டு உளற, மிச்சமெல்லாம் தலையாட்டின. உங்கள் துறைக் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

மருத்துவமனைக்கு நீங்களே எழுதிவிடுங்கள். மாதக் கடைசி வரை பொறுக்கிறேன். டியூட்டி முடிந்து வரும்போது பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிறாள் தங்கை.

ஆமை


மார்ச் 30

என் கண்ணம்மா,

அட்டவணையைப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. நீ சொன்ன இடத்திலேயேதான் தப்பும் இருக்கிறது. கெட்டிக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

மே மட்டும் முடியட்டும். விருது கைக்கு வந்ததும் மேம்படுத்திய பதிப்பு என்று ஒன்றை வெளியிட்டு, முடியும் என்று அதிலேயே அறிவித்துவிடுகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை. இத்தனை நாள் பொறுத்த நர்ஸுகள் இன்னும் இரண்டு மாதம் பொறுக்க மாட்டார்களா?

அதற்கு எழுதும் கட்டுரையில் உன் பெயரையும் சேர்க்கிறேன். நன்றியுரையில் இல்லை, ஆசிரியர் வரிசையிலேயே, கடைசியாக. மூளை நான், உழைப்பு நீ என்றுதானே எல்லோருக்கும் தெரியும்? அதில் என்ன கேவலம்? ஒரு குடும்பத்தில் யாராவது ஒருவர்தான் முன்னால் போக முடியும்.

எப்போதும் உன்னுடையவன்


ஏப்ரல் 6

ஒல்லிக்குச்சி,

படிக்கிற காலத்தில் உன்னை இப்படித்தான் கூப்பிடுவேன், நீ வா போ என்றுதான் பேசுவேன். கல்யாணமானதும் உன் அம்மா, "புருஷனை நீ வா போன்னாம்மா பேசுவாங்க? நாலு பேர் சிரிப்பாங்க" என்றார். மாற்றிக்கொண்டேன். இனி நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் கடைசி வரியைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். படிப்பு முடிந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண், ஒரே வழிகாட்டி. இருந்தது ஒரே ஒரு வேலை. மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே, யார் முதல்ல போனா என்ன?" என்று கேட்டது நீ. "சரி, நீ போ" என்றேன். வசதிக்காக வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நீ போய், நான்தான் முதல், அவள் பின்னால் வருகிறவள் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னாய். துறை நம்பியது. உன் அம்மா நம்பினார், என் அம்மாவும் நம்பினார். அத்தனை பேர் சொன்னதால் நானும் நம்பினேன்.

அட்டவணையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். மேலாளரின் மேசையைச் சுற்றி நின்று நர்ஸுகள் வரி வரியாகப் பார்த்தார்களாம். திங்கட்கிழமை முதல் அதன்படிதான் வேலை. விருதுக் குழுவுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது, தப்பு நடந்த படியோடு. வேகத்துக்குப் பரிசு தருகிறவர்கள் நிதானமாகப் படிக்கட்டும்.

சாவி உறைக்குள் இருக்கிறது.

விவாகரத்து மனுவில் யார் பெயரை முதலில் போடுவது என்று வக்கீல் கேட்டார். யார் பெயர் வந்தாலும் ஒன்றுதான் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. என் பெயரைப் போடச் சொன்னேன்.

ஆமை