பாலோவில் கிடந்த கடிதம்

மாசாய், செவ்வாய் இரவு.

கியரைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். கார் தானாகப் பின்னால் உருண்டு கேட்டில் மோதியது. மகள் அப்போதுதான் கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடியிருந்தாள். ஒரு செருப்பு சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது.

"இந்த மாடலுக்கு கியர் கோளாறுன்னு ரீகால் போட்டு, கம்பெனியே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாச்சே, லெட்டர் வரலையா?" என்றார் மெக்கானிக்.

கார் என் கணவருடைய அண்ணன் பெயரில் இருக்கிறது. உடனே பாலோ ஊரில் இருக்கும் அவருக்கு போன் போட்டு லெட்டரைப் பற்றிக் கேட்டேன்.

"வந்து ரெண்டு மாசமாச்சு. மக சடங்குக்கு நேர்ல வந்து கூப்பிட்டீங்களா? வாட்ஸ்அப்ல கார்டு அனுப்புனீங்க. லெட்டரை மட்டும் நான் கொண்டாந்து குடுக்கணுமா? வேணும்னா நேர்ல வந்து வாங்கிக்குங்க லா."

ரெண்டு மாசம்! தினமும் அந்தக் காரில்தான் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போனேன்.

"அண்ணன் அப்படித்தான், விடு" என்று சொல்லிவிட்டு இவர் குறட்டை விடுகிறார்.

விடமாட்டேன். நாளைக் காலை பஸ் ஏறி பாலோ போகிறேன். முறைப்படி, தாம்பாளத்தட்டோடு. வெற்றிலை பாக்கு இருக்காது. நசுங்கிய அந்தச் செருப்பை வைத்து, இரண்டு கையாலும் நீட்டுவேன்.