தோரணமாகிவிட்ட ஈச்ச மரங்கள்

12 மார்ச் 1967, ஞாயிறு

இல்லை, நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

என் பேராசிரியரும் ஆறு மாணவர்களும் பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்தது எங்கள் ஊர் மலையில் தானாக வளர்ந்த ஈச்ச மரங்களைப் பார்க்க. என் ஆய்வை இங்கேயே செய்யலாமா என்று அவர் இன்று சொல்வதாக இருந்தது. வழி தெரிந்தவர் சித்தப்பா. கூட வரச் சொல்லியிருந்தேன்.

மலையடியில் ஒரு தோரண வாயில் நின்றது. பச்சை ஈச்ச மட்டைகள், நடுநடுவே பூத்த பாளைகள். மேலே ஒரு மரத்திலும் ஓலை இல்லை. சித்தப்பாவும் சுரங்கத்தில் அவரோடு ஷிப்ட் பார்க்கும் ஆட்களும் காலையிலேயே வெட்டிவிட்டார்கள்.

"இன்னாம்மா மொறைக்கிற? சுரங்கத்துல துரை வர்றாருன்னா மொதல்ல வழிய சுத்தம் பண்ணுவோம். பெரியவங்க முள்ளுல ஏறணுமா? கீழயே நின்னு பாக்கட்டும்."

பேராசிரியர் ஒரு பாளையைத் தொட்டார். "மரத்தில் பாளை இல்லாமல் ஆண் மரம் எது, பெண் மரம் எது என்று இனி எப்படிக் கணக்கெடுப்பாய்? வேறு மலை பார்." பிறகு சித்தப்பாவைக் கும்பிட்டு, வரவேற்பு பிரமாதம் என்றார். சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். பூவைப் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லவில்லை.

சாப்பிடும்போது சித்தப்பாவால் சோற்றைப் பிசைய முடியவில்லை. உள்ளங்கை முழுக்க முள். ஊசியைச் சுட்டு ஏழு முள் எடுத்தேன். முட்களைக் காகிதத்தில் மடித்து, ஆய்வு மாதிரிக்கு எழுதுவதுபோல் மேலே மலையின் பெயரும் தேதியும் எழுதி வைத்தேன்.